தோற்றவருக்கு ஓர் அட்டை: இலை ஊறப்போடுவதிலிருந்து கையில் கொடுப்பது வரை

இந்த வழிகாட்டியைப் பின்பற்றினால் முடிவில் உங்கள் கையில் இருப்பது ஒற்றை மடிப்பு வாழ்த்தட்டை ஒன்று. அளவு ஏ6. முகப்பில் நரம்பு மட்டும் மிஞ்சிய ஓர் அரசிலை. உள்ளே ஒரு வேத வசனமும் உங்கள் கையெழுத்தில் இரண்டு வரிகளும். அதைப் பெறப்போகிறவர் அண்மையில் எதிலோ தோற்றவர்: தேர்வில், கடையில், படகுக் கடனில், வெளிநாட்டு வேலையில், அல்லது நின்றுபோன ஒரு கல்யாணத்தில்.

கன்னியாகுமரி மாவட்டத்தில், விளவங்கோடு பக்கத்து ஆலயம் ஒன்றில் வாலிபப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒன்பது ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறேன். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். முதலில் அழகாக ஓர் அட்டை செய்துவிடுகிறார்கள். பிறகு அதை யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசிக்கிறார்கள். கடைசியில், மிச்சம் இருக்கும் இடத்துக்குள் அடங்குகிற வசனம் எது என்று தேடுகிறார்கள். கிறிஸ்துமஸ் அட்டைக்கு இந்த வரிசை போதும். தோற்றவருக்குக் கொடுக்கும் அட்டைக்கு இதே வரிசை தலைகீழாக வேண்டும்.

நேரக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலைக்கு ஒரு மாதம், சொற்களுக்கு இரண்டு மாலை, காகித வேலைக்கு ஒரு மணி நேரம், எடைக்கு அடியில் ஓர் இரவு.

1. ஒரு மாதம் முன்பே: இலையை ஊறப்போடுங்கள்

ஆள் யார் என்று தெரிவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது ஒன்றுதான். பிளஸ் டூ, பத்தாம் வகுப்பு முடிவுகள் மே மாதத்தில் வருகின்றன. முடிவு வந்த பிறகு இலையை நீரில் போட்டால், அது தயாராவதற்குள் துணைத்தேர்வே வந்துவிடும். நான் மார்ச் மாதக் கடைசி வாரத்தில் போடுகிறேன்.

முற்றிய, கரும்பச்சையான, ஓட்டையில்லாத அரசிலைகளைப் பறியுங்கள். தளிர் வேண்டாம், அதில் நரம்பும் சேர்ந்தே அழுகிவிடும். ரப்பர் இலையிலும் இந்த வேலை நன்றாக வரும். தோட்டத்தில் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறதே என்று வாழை இலை, தென்னை ஓலையில் முயலாதீர்கள். அவற்றில் நரம்புகள் வலைபோலப் பின்னாமல் இணையாக ஓடுகின்றன. சதை போனதும் தனித்தனி நாராகப் பிரிந்துவிடும்.

பிளாஸ்டிக் தொட்டியில் இலைகளை அடுக்கி, மேலே ஒரு கல் வைத்து, மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். வாயைத் துணியால் இறுக்கிக் கட்டுவது கட்டாயம். நான்கு வாரம் திறந்து கிடக்கும் தண்ணீர் கொசுவுக்குத்தான் உதவும். சுகாதாரப் பணியாளர் வந்து பார்த்தால் உங்களுக்குத் தலைகுனிவு. தண்ணீரைத் தினமும் மாற்றாதீர்கள். சதையை அரிப்பது நுண்ணுயிர்கள். புதுத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் அவற்றின் வேலை தாமதமாகிறது. குறைந்த அளவுக்கு மட்டும் சேர்த்து ஊற்றினால் போதும். நாற்றம் வரும், வரத்தான் வேண்டும். தொட்டியைச் சமையலறை ஜன்னலுக்கு எதிரே வைக்காமல் இருந்தால் வீட்டில் சமாதானம் நிலைக்கும்.

மூன்று வாரம் கழித்து ஓர் இலையை எடுத்து நீருக்குள்ளேயே விரலால் தேயுங்கள். சதை வழுக்கிக்கொண்டு வந்தால் நேரமாகிவிட்டது. வரவில்லையென்றால் இன்னும் ஒரு வாரம் விடுங்கள். அவசரப்பட்டுச் சுரண்டினால் இலை கிழியும். புதியவர்களிடம் பத்தில் ஐந்து இலை இங்கேதான் போகிறது. தட்டையான தட்டில் இலையை விரித்து, மென்மையான பழைய பல்துலக்கியால் நடு நரம்பிலிருந்து ஓரத்தை நோக்கி மெதுவாகத் தட்டித் தேயுங்கள். குறுக்கே தேய்க்கக் கூடாது. பிறகு நல்ல தண்ணீரில் அலசி, பருத்தித் துணிக்கு நடுவில் வைத்து, மேலே எடை ஏற்றி உலர்த்துங்கள்.

நேரமே இல்லையென்றால் ஒரு குறுக்குவழி உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு பெரிய கரண்டி சலவைச் சோடா கரைத்து, ஒரு மணி நேரமோ சற்றுக் கூடுதலாகவோ சிறுதீயில் வேகவையுங்கள். எவர்சில்வர் பாத்திரமாக இருக்கட்டும். அலுமினியத்தைச் சோடா அரித்துவிடும். அந்தப் பாத்திரம் மறுபடி சமையலுக்குப் போகக் கூடாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகளிடம் இந்த வழியைக் கொடுக்காதீர்கள்.

2. என்ன தோல்வி என்று எழுதிப் பாருங்கள்

ஒரு நோட்டில் அந்த நபரின் பெயரை எழுதி, கீழே மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். எதில் தோற்றார்? முயன்று தோற்றாரா, முயலாமல் விட்டாரா, தவறு செய்து தோற்றாரா? இந்தத் தோல்வி எத்தனை பேருக்குத் தெரியும்?

இரண்டாம் கேள்விதான் முக்கியம். நம் ஆலயங்களில் தோல்வியையும் பாவத்தையும் ஒரே பையில் போடும் பழக்கம் இருக்கிறது. பிறவிக் குருடனைப் பார்த்தவுடன் சீஷர்கள் கேட்ட முதல் கேள்வி, பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்பதுதான். இரண்டும் இல்லை என்று இயேசு சொன்ன பிறகும் அந்தக் கேள்வி யோவான் 9-ஆம் அதிகாரத்தோடு முடிந்துவிடவில்லை. கணிதத்தில் தவறிய பையன் வீட்டுக்கு வந்து, “ஜெபத்தில் குறைவு இருந்திருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

நோட்டில் எழுதிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். இரவெல்லாம் படித்தும் மதிப்பெண் வராத பெண்ணும், கூட்டாளியின் பணத்தை எடுத்து மாட்டிக்கொண்டவரும் ஒரே அட்டைக்கு உரியவர்கள் அல்ல. முதல் ஆளுக்கு மன்னிப்பைப் பற்றி எழுதினால் அது அவமானம். இரண்டாம் ஆளுக்கு மன்னிப்பைப் பற்றி எழுதாமல் விட்டால் அட்டையில் ஒன்றுமே இல்லை.

மூன்றாம் கேள்விக்கு, “யாருக்கும் தெரியாது” என்று விடை வந்தால் இங்கேயே நிறுத்துங்கள். உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று அவர் யோசிக்கத் தொடங்குவார். அப்படிப்பட்டவரை நேரில் போய்ப் பாருங்கள், அட்டை வேண்டாம்.

3. தோல்விக்கு ஏற்ற வசனம்

என் முதல் ஆண்டில் நான் செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். தேர்வில் தவறிய இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு இருபத்திரண்டு அட்டைகள். எல்லாவற்றிலும் எரேமியா 29:11. ஒரு பெண் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அக்கா, இதில் என் பெயரைத் தவிர எனக்காக எழுதியது எதுவும் இல்லையே” என்றாள். அவள் சொன்னது சரி. அந்த வசனத்துக்கு முந்தைய வசனத்தை நான் படித்திருக்கவில்லை. எழுபது வருஷம் நிறைவேறின பின்பு என்று 10-ஆம் வசனம் சொல்கிறது. பாபிலோனில் சிறைப்பட்டிருந்த ஒரு ஜனத்துக்கு, அவர்களில் பலர் திரும்பிவந்து பார்க்கவே முடியாத ஒரு காலத்தைப் பற்றி எழுதிய கடிதம் அது. ஜூன் மாதத் துணைத்தேர்வுக்கு உத்தரவாதமாக அதை ஒட்டியது என் பிழை.

அதன் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டேன்: வசனத்துக்கு மேலே ஐந்து, கீழே ஐந்து வசனங்களைப் படிக்காமல் அட்டையில் எழுதுவதில்லை. இந்த விதி பல வசனங்களை வடிகட்டிவிடும். “எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு” என்ற பிலிப்பியர் 4:13-ஐத் தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளுக்கு எல்லோரும் கொடுக்கிறார்கள். முந்தைய வசனத்தில் பவுல் பேசுவது வெற்றியைப் பற்றி அல்ல. தாழ்ந்திருக்கவும் தெரியும், பட்டினியாயிருக்கவும் தெரியும் என்பதைப் பற்றி. ஆகவே அதைத் தேர்வுக்கு முன்பு கொடுப்பதைவிடத் தோற்ற பிறகு கொடுப்பதே பொருத்தம்; 12-ஆம் வசனத்தையும் சேர்த்து எழுதினால் மட்டும்.

நான் பயன்படுத்தும் பொருத்தங்கள் இவை.

உழைத்தும் ஒன்றும் கிடைக்காதவருக்கு லூக்கா 5:5. “இராமுழுதும் நாங்கள் பிரயாசப்பட்டும் ஒன்றும் அகப்படவில்லை.” உழைப்பையும் தோல்வியையும் ஒரே வாக்கியத்தில் ஒப்புக்கொள்ளும் வரி இது. முட்டத்திலோ குளச்சலிலோ மீன்பிடிக் குடும்பத்துக்கு எழுதும்போது ஒரு எச்சரிக்கை: வெறும் வலை அவர்களுக்கு உவமை அல்ல, டீசல் கடன். அங்கே இந்த வரியைப் படிப்பில் தோற்ற பிள்ளைக்கு எழுதலாம். கடலில் தோற்ற தகப்பனுக்கு எழுதுமுன் இரண்டு முறை யோசியுங்கள். அடுத்த வசனத்தில் வலை கிழியும் அளவுக்கு மீன் வருகிறது. அவருக்கு நாளைக்கே அப்படி வரும் என்று நீங்கள் சொல்ல முடியாது.

தவறு செய்து விழுந்தவருக்கு மீகா 7:8. “நான் விழுந்தாலும் எழுந்திருப்பேன்.” அடுத்த வசனத்திலேயே, கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன் என்ற ஒப்புதலும் வருகிறது. எழுந்திருப்பதும் ஒப்புக்கொள்வதும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

பாதியில் விட்டுவிட்டு வந்தவருக்கு, உதாரணமாக நர்சிங் படிப்பை நிறுத்தியவருக்கோ குருமடத்திலிருந்து திரும்பியவருக்கோ, மாற்கு. பம்பிலியாவில் குழுவை விட்டு எருசலேமுக்குத் திரும்பிப்போனவன் அவன். அவனை மறுபடி கூட்டிச் செல்லப் பவுல் மறுத்ததால், அவரும் உடன் ஊழியர் பர்னபாவும் பிரிந்தே போனார்கள். அதே பவுல், 2 தீமோத்தேயு 4:11-இல், மாற்கைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று எழுதுகிறார். இடையில் எத்தனை ஆண்டுகள் ஓடின என்பதை அட்டையில் விளக்க வேண்டாம். வசன எண்ணை மட்டும் எழுதுங்கள். அவரே தேடிப் படிக்கட்டும்.

களைத்துப்போய் எதுவும் வேண்டாம் என்று படுத்திருப்பவருக்கு வசனமே வேண்டாம். சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்டுப் படுத்த எலியாவிடம் தூதன் பிரசங்கம் செய்யவில்லை. சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்துவிட்டு, எழுந்திருந்து சாப்பிடு என்றான். எலியா மறுபடி தூங்கினான். தூதன் மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். இப்படிப்பட்டவருக்கு அட்டையோடு பலகாரம் கொண்டுபோவது என் வழக்கம்.

எதுவும் பொருந்தவில்லையென்றால் சங்கீதம் 34:18. இங்கே வேதாகமப் பதிப்பைக் கவனிக்க வேண்டும். நம் மாவட்டத்தில் ஒரே தெருவில் இரண்டு பதிப்புகள் புழங்குகின்றன. சிஎஸ்ஐ, இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே வீடுகளில் அது “நொறுங்குண்ட இருதயமுள்ளவர்களுக்குக் கர்த்தர் சமீபமாயிருந்து” என்று தொடங்கும். கத்தோலிக்க வீட்டில் சங்கீதம் திருப்பாடலாகிவிடும். அதே வசனம் “உடைந்த உள்ளத்தார்க்கு அருகில் ஆண்டவர் இருக்கின்றார்” என்று இருக்கும். அவர் சிறு வயதில் கேட்ட சொற்களில் எழுதுங்கள். ஆறுதல் தேடும் நேரத்தில் யாரும் புது மொழிபெயர்ப்பைப் பழகிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

பெறுபவர் கிறிஸ்தவர் இல்லையென்றால் வசனத்தை விட்டுவிடுங்கள். இதில் என்னோடு வாதாடுகிறவர்கள் உண்டு. விழுந்து கிடப்பவரின் பலவீனமான நேரத்தை நம் பிரசங்கத்துக்கு வாய்ப்பாக்கிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இலையும் இரண்டு வரியும் போதும்.

4. உங்கள் இரண்டு வரிகள்

வசனம் கடவுளுடையது, அட்டை உங்களுடையது. அதனால் உங்கள் குரல் கொஞ்சமாவது இருக்க வேண்டும். முதல் வரியில் நடந்ததைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். இரண்டாம் வரியில் நீங்கள் செய்யப்போகும் ஒரு சிறிய காரியத்தைச் சொல்லுங்கள்.

“இயற்பியலில் போனது எனக்கும் வருத்தமாக இருக்கிறது. சனிக்கிழமை மாலை வருகிறேன், கடற்கரை வரைக்கும் நடந்துவிட்டு வரலாம்.” இவ்வளவுதான்.

எழுதக் கூடாதவை: “எல்லாம் நன்மைக்கே.” “இதைவிடப் பெரிய கஷ்டம் அனுபவிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.” “தேவன் ஒரு கதவை அடைத்தால்...” இவை மூன்றும் பேசுகிறவரின் மனச்சங்கடத்தைத்தான் தீர்க்கின்றன. மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுகிறவன், குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனைப் போன்றவன் என்று நீதிமொழிகள் 25:20 சொல்கிறது. முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் நடுவே “ஆனால்” என்ற சொல் வந்தால் அடித்துவிடுங்கள். “வருத்தமாக இருக்கிறது, ஆனால்” என்று தொடங்கினால் வருத்தம் அங்கேயே ரத்தாகிவிடுகிறது.

இந்த முறையை நான் கண்டுபிடிக்கவில்லை. கல்லூரி முதலாண்டுக் கணக்குத் தேர்வில் நான் தோற்றபோது என் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை ஒரு தபால் அட்டை அனுப்பினார். “கணக்கில் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். புதன்கிழமை வா மக்களே, மரச்சீனியும் மீன்கறியும் வைக்கிறேன்.” வசனம் எதுவும் இல்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு யோவான் 21-ஐப் படிக்கும்போதுதான் அந்த வரிசை எனக்குப் பிடிபட்டது. இயேசுவை மூன்று தரம் மறுதலித்த பேதுரு கரைக்கு வரும்போது அங்கே கரிநெருப்பும் மீனும் அப்பமும் தயாராக இருக்கின்றன. வாருங்கள், போஜனம்பண்ணுங்கள் என்பது முதலில். “என்னை நேசிக்கிறாயா” என்ற கேள்வி சாப்பிட்ட பிறகு.

எழுதியதை ஓர் இரவு வைத்திருந்து காலையில் சத்தமாகப் படியுங்கள். மேடைப்பேச்சு போல ஒலிக்கும் சொல் எதுவோ, அதை எடுத்துவிடுங்கள்.

5. காகிதம்: வெட்டுமுன் வளைத்துப் பாருங்கள்

250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம்) ஐவரி அட்டை போதும். சாதாரண சார்ட் பேப்பர் நிமிர்ந்து நிற்காது. கல்யாணப் பத்திரிகை அச்சிடும் அச்சகங்களில் வெட்டு மிச்சங்களைக் கேட்டுப் பாருங்கள். நல்ல காகிதம் மலிவாகக் கிடைக்கும்.

காகிதத்துக்கு நார் ஓட்டம் உண்டு. தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, மடிப்புக் கோடு அந்த வளைவோடு போக வேண்டும். எதிர்த்திசையில் மடித்தால் முதுகில் வெடிப்பு விழும்.

ஏ4 தாள்களில் பெரும்பாலும் நார் நீளவாக்கில், அதாவது 297 மில்லிமீட்டர் திசையில் ஓடும். தாளை நடுவில் வெட்டினால் 148க்கு 210 அளவில் இரண்டு துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் 105 மில்லிமீட்டரில் மடித்தால் ஏ6 அட்டை. மடிப்பு நாரோடு போவதால் சுத்தமாக விழும். முழு ஏ4-ஐ அப்படியே பாதியாக மடித்துப் பெரிய அட்டை செய்கிறவர்களுக்கு வெடிப்பு வருவதன் காரணமும் இதுதான். மடிப்பு நாருக்குக் குறுக்கே போகிறது.

6. கோடு அழுத்தி மடித்தல்

மை தீர்ந்த ரீஃபில் ஒன்றும் இரும்பு ஸ்கேலும் எடுத்துக்கொள்ளுங்கள். மடிப்பு வரும் இடத்தில் இரண்டு முறை அழுத்திக் கோடு போடுங்கள். பள்ளம் அட்டையின் வெளிப்பக்கத்தில் இருக்க வேண்டும். பின்னால் எழும்பும் மேடு மடிப்புக்குள்ளே போக வேண்டும். பள்ளத்துக்குள் மடிப்பதுதான் இயல்பு என்று கை சொல்லும். கேட்காதீர்கள்.

7. ஒட்டுவதற்கு முன் எழுதுங்கள்

இலையை ஒட்டிவிட்டு எழுதினால், ஓர் எழுத்துப் பிழை ஒரு மாத வேலையை அழித்துவிடும். முதலில் எழுதினால் போவது ஒரு துண்டுக் காகிதம்தான். இதை ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன், ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் இலையைத்தான் முதலில் ஒட்டுகிறார்.

உள்பக்கத்தில் பென்சிலால் 11 மில்லிமீட்டர் இடைவெளியில் கோடுகள் போடுங்கள். மேலே புள்ளியும் கீழே சுழியும் கொண்ட எழுத்துகளுக்கு அவ்வளவு இடம் வேண்டும். இரு பக்கமும் 12 மில்லிமீட்டர் விட்டால் எழுதுவதற்கு 81 மில்லிமீட்டர் மிஞ்சும். “இருதயமுள்ளவர்களுக்குக்” என்ற ஒரு சொல்லே ஒரு வரியைத் தின்றுவிடும். அதனால் அதே அகலமுள்ள கழிவுத் தாளில் முதலில் முழுவதையும் எழுதி, வரி எங்கே உடைகிறது என்று பாருங்கள். சொல்லை நடுவில் உடைக்காதீர்கள். ஓரத்தில் எழுத்துகள் நெருக்கியடித்து நிற்பது, எழுதியவரின் அவசரத்தைக் காட்டிக்கொடுக்கும்.

பால்பாயிண்ட் பேனா அழகில்லை என்பார்கள். ஆனாலும் மழைக்காலத்தில் ஈரக் கை பட்டாலும் கலையாதது அதுதான். ஜெல் பேனாவாக இருந்தால் பத்து நிமிடம் உலரவிட்டுப் பென்சில் கோட்டை அழியுங்கள். எழுதி முடித்ததும் வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வேறு ஒருவரை ஒற்றெழுத்து உட்பட சரிபார்க்கச் சொல்லுங்கள். எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது.

8. இலையை ஒட்டுதல்

வெள்ளைப் பசை இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. பசையை அட்டையில் தடவாதீர்கள். இலையின் நரம்பு வலை வழியே மேலே கசிந்து பளபளக்கும். கழிவுத் தாளில் இலையைக் கவிழ்த்து, பஞ்சால் நடு நரம்பிலும் ஓரங்களிலும் மட்டும் ஒற்றியெடுங்கள். பிறகு தூக்கி அட்டையில் வையுங்கள். வைத்தபின் நகர்த்தக் கூடாது. ஆகவே இடத்தை முன்பே பென்சில் புள்ளியால் குறித்துக்கொள்ளுங்கள்.

மைதாப் பசை வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், கரப்பான் அரிக்கும். மயில்துத்தம் சேர்த்தால் அரிக்காது என்று பழைய பைண்டிங் ஆட்கள் சொல்வார்கள். அது விஷம், பிள்ளைகள் உட்காரும் மேசைக்கு ஆகாது.

குருத்தோலைச் சிலுவையை ஒட்ட விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குருத்தோலை ஞாயிறன்று மடித்த பச்சை ஓலையை அன்றைக்கே ஒட்டினால், காயும்போது சுருங்கி அட்டையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். நன்றாகக் காய்ந்து மஞ்சளான பிறகு ஒட்டுங்கள்.

9. எடைக்கு அடியில் ஓர் இரவு

பசையின் ஈரம் காகிதத்தை ஒரு பக்கம் மட்டும் விரிக்கிறது. அதனால் அட்டை வளைகிறது. இரு பக்கமும் பிளாஸ்டிக் தாள் வைத்து, பலகைக்கு அடியில் வைத்து, மேலே செய்தித்தாளில் சுற்றிய இரண்டு செங்கற்களை ஏற்றுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை ஓர் இரவு போதும். ஜூனிலும் அக்டோபர், நவம்பரிலும் இரண்டு இரவு ஆகும். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது.

கையருகில் இருக்கிறதே என்று குடும்ப வேதாகமத்தை எடையாக வைக்காதீர்கள். பெரியவர்கள் யாராவது பார்த்துவிட்டால் அட்டையைவிட நீங்கள் அதிகமாக நசுங்குவீர்கள்.

10. கெட்டுப்போன அட்டைகள்

பத்தில் மூன்று கெடும். கெட்டதைக் கொடுத்து, “குறையிலும் அழகு உண்டு” என்று அதன் மேல் ஒரு தத்துவம் ஏற்றுவதை நான் அனுமதிப்பதில்லை. தோற்றவர் கையில் கோணல் அட்டையைக் கொடுத்தால், தனக்கு இவ்வளவு போதும் என்று நினைத்துவிட்டார்கள் என்றே அவருக்குத் தோன்றும். குயவன் கெட்டுப்போன மண்ணைத் திரும்ப வேறே பாண்டமாக வனைந்தான் என்று எரேமியா 18-இல் இருப்பதைப் பிள்ளைகள் உடனே எடுத்துக்காட்டுவார்கள். ஈரமான களிமண் வேறு, பசை காய்ந்த ஐவரி அட்டை வேறு. நல்ல பக்கத்தை வெட்டி ஒத்திகைத் தாளாக வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒன்று செய்யுங்கள்.

11. கொடுக்கும் நாள், கொடுக்கும் விதம்

முடிவு வந்த அன்று போகாதீர்கள். அன்று வீடு முழுக்க ஆள் இருக்கும், போன் ஓயாமல் அடிக்கும். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் உருப்படியான காரியம் அதுதான். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. மூன்றாம் நாளுக்கு மேல், கூட்டம் வடிந்த பிறகு போங்கள். மற்றவர்கள் வருவதை நிறுத்தும் நாள் அது.

ஆலயத்தில், ஆராதனை முடிந்து எல்லோரும் நிற்கும் இடத்தில் கொடுக்கக் கூடாது. உறையில் போட்டு, வீட்டில், அவர் கையில் கொடுங்கள். அங்கேயே பிரித்துப் படிக்கச் சொல்லாதீர்கள். நீங்களே படித்தும் காட்டாதீர்கள். அவர் கேட்டால் ஜெபியுங்கள், சுருக்கமாக. ஜெபத்தில் அறிவுரை சொல்லும் பழக்கத்தைக் கடவுளிடம் பேசுவதாக யாரும் நம்புவதில்லை. படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது அட்டையைக் கொடுக்காமல் இருப்பதைவிடக் கேடு.

வாழ்வதில் அர்த்தமில்லை என்ற பேச்சு வந்தால், அட்டையின் வேலை அங்கே முடிந்துவிட்டது. அவரைத் தனியாக விடாதீர்கள். வீட்டில் பொறுப்பான ஒருவரிடம் அப்போதே சொல்லுங்கள். மனநல உதவிக்கான டெலிமானஸ் 14416, தமிழகத்தின் 104, இரண்டும் இலவச உதவி எண்கள். உங்கள் போனிலிருந்தே அழைத்துக் கொடுங்கள். போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ சொல்லிவிட்டேன் என்று அதோடு நின்றுவிடாதீர்கள், மருத்துவரும் வேண்டும்.

தபாலில் அனுப்புவதாக இருந்தால், இந்த அட்டை ஏறக்குறைய 8 கிராம். உறையோடு சேர்ந்தும் கடிதத்துக்கான முதல் 20 கிராமுக்குள் அடங்கும். சி6 உறை சரியாகப் பொருந்தும். முத்திரை குத்தும்போது இலை நொறுங்காமல் இருக்க, முகப்பின் மேல் ஒரு மெல்லிய தாளை வைத்து மூடுங்கள்.

12. நோட்டில் ஒரு தேதி

வீட்டுக்கு வந்ததும், இரண்டாம் படியில் எழுதிய நோட்டின் அதே பக்கத்தில் இரண்டு தேதிகளைக் குறியுங்கள். ஒன்று, இரண்டாம் வரியில் நீங்கள் வாக்குக் கொடுத்த சனிக்கிழமை. மழை பெய்தாலும் போக வேண்டும். மற்றொன்று ஒரு மாதம் கழித்து. அன்று அனுப்புவதற்கு இலையும் வேண்டாம், வசனமும் வேண்டாம். மீந்த ஐவரித் துண்டில், “சாயா குடிக்க வருகிறாயா?” என்று எழுதினால் போதும்.